ரீல்ஸில் தெரியாத ஓதம்: பிரிட்டனின் பழைய கேம்பர் வேன்கள் ஏன் ஒழுகுகின்றன?

பின்கதவு திறந்திருக்கும். வெளியே கடல். உள்ளே வெள்ளை பெட்ஷீட், குட்டி விளக்குகள், கையில் ஒரு காபி கப். இந்த ரீலை ஒரு தடவையாவது பார்த்து, 'வேலையை விட்டுட்டு இப்படிப் போயிடலாமா'ன்னு யோசிக்காதவங்க நம்ம வயசுல குறைவு. அந்த ரீலில் பதிவாகாத விஷயம் ஒண்ணு இருக்கு. வாசனை. பழைய கேம்பர் வேனின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நமுத்த மரம், ஈரத்துணி, பூஞ்சை எல்லாம் கலந்த நெடி. பிரிட்டனில் இன்னிக்கு பழைய வேன் வாங்கப் போறவங்க முதலில் சரிபார்ப்பது இன்ஜினை இல்லை, இந்த நெடியைத்தான். அனுபவசாலிகள் சாவி போடுறதுக்கு முன்னாடி மூக்கைத்தான் உள்ளே நீட்டுவாங்க.

இது ஏதோ வண்டிப் பைத்தியங்களின் தனிப்பிரச்னைன்னு ஒதுக்க முடியாது. ஓர் ஆசை எப்படி சந்தையானது, அந்தச் சந்தை எப்படி சிலருக்கு வீடானது, அந்த வீட்டுக்குள் தண்ணீர் இறங்கினா யார் பொறுப்புங்கிற கதை இது.

கொரோனா கொடுத்த தள்ளு

'வேன்லைஃப்' என்ற ஹேஷ்டேக் 2011-ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபாஸ்டர் ஹண்டிங்டன் என்பவர் தொடங்கிவைத்தது. நியூயார்க் வேலையை விட்டுட்டு ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனில் கிளம்பியவர் அவர். பத்து வருஷம் அது ஒரு சின்ன வட்டத்தின் கனவாகத்தான் இருந்தது. 2020-ல் விமானங்கள் நின்றன, ஹோட்டல்கள் மூடின. ஊரைச் சுற்றணும், ஆனா யார் மூச்சும் நம்ம மேல படக்கூடாது என்றால் மிச்சமிருந்தது வேன் ஒண்ணுதான். 2021 ஏப்ரலில் க்ளோயி ஜாவ் இயக்கிய 'நோமேட்லேண்ட்' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. வேலையும் வீடும் போன பிறகு வேனில் வாழும் ஒரு பெண்ணின் கதை அது. அதிலிருந்த வறுமையை விட்டுட்டு, அந்தி வானத்தை மட்டும் எடுத்துக்கிட்டவங்களும் நிறைய பேர்.

அமெரிக்கக் கணக்கு இந்த அலையின் உயரத்தைக் காட்டும். காருக்குப் பின்னால் இழுக்கும் டிரெய்லர்களையும் சேர்த்து, 2021-ல் அங்கே தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய பயண வீடுகள் சுமார் 6 லட்சம். 2023-ல் அது சுமார் 3.13 லட்சமாகச் சரிந்தது. இரண்டே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி.

பிரிட்டனிலும் இதே வேகம்தான். புது வண்டிக்குக் காத்திருக்க முடியாதவர்கள் 15, 20 வருஷப் பழைய வண்டிகளை வாங்கினார்கள். இன்னொரு கூட்டம் பழைய டெலிவரி வேனை வாங்கி, யூடியூப் பார்த்து, தாங்களே மர வேலை செய்து வீடாக மாற்றியது. அப்போது அவசரத்தில் கைமாறிய வண்டிகளும், அவசரத்தில் கூரையில் ஓட்டை போடப்பட்ட வண்டிகளும் இப்போது அஞ்சாறு மழைக்காலம் பார்த்துவிட்டன. பிரிட்டன் மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாதிரி ஒரே நாளில் கொட்டித் தீர்க்காது. தூறிக்கிட்டே இருக்கும், காயவே விடாது. மரத்துக்கு அதுதான் ஆபத்தான மழை.

எது கேரவன், எது கேம்பர்?

நம்ம ஊரில் கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏசி போட்டு உட்காரும் வண்டி. பிரிட்டனில் கேரவன் என்பது இன்ஜின் இல்லாத, காருக்குப் பின்னால் இழுத்துட்டுப் போகும் பெட்டி. சொந்த இன்ஜினோடு, இரும்பு வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் வைத்தால் கேம்பர் வேன். முன்பகுதி மட்டும் வேனாக இருந்து, பின்னால் தனியாக ஒரு வீட்டுப்பெட்டியைக் கட்டி ஏற்றினால் 'கோச்பில்ட்' மோட்டார்ஹோம்.

தண்ணீர் விஷயத்தில் இந்த வித்தியாசம் முக்கியம். இரும்பு வேனில் தண்ணீர் புகுந்தால் துருப்பிடிக்கும். கோச்பில்ட்டில் புகுந்தால் உளுத்துப்போகும். பழைய கோச்பில்ட் வண்டிகளின் சுவர் ஒரு சாண்ட்விச் மாதிரி: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் மர ரீப்பர்களும் வெள்ளை தெர்மோகோலும், உள்ளே 3 மில்லிமீட்டர் ப்ளைவுட், அதன்மேல் அழகான வால்பேப்பர். வெளியிலிருந்து பார்த்தால் பளபளன்னு இருக்கும். உள்ளே ரீப்பர் கருத்து, விரலால் கிள்ளினால் ஈரமான பிரெட் மாதிரி பிய்ந்து வரும். பல வண்டிகளில் ஒரு மூலையைத் தாங்கிட்டு நிற்பதே அந்த வால்பேப்பர்தான்னு ரிப்பேர் பார்க்கிறவங்க கிண்டல் பண்ணுவாங்க. முழுக் கிண்டல் இல்லை அது.

தண்ணீருக்கு வழி சொல்லித் தரவேண்டியதில்லை

வீட்டுச் சுவர் ஒரு இடத்தில் நிற்கும். இது ஓடும் வீடு. மோட்டார்வேயில் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது மழை மேலிருந்து விழுவதில்லை, முன்னாலிருந்து குத்துகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி முழுக்க ஒரு முறுக்கு முறுக்கி விடுது. அதோடு வெயிலும் குளிரும். 6 மீட்டர் நீள அலுமினியத் தகட்டைத் தனியாக விட்டால், 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் அது 5 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டு சுருங்கும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் மரம் அந்த அளவுக்கு அசையாது. இந்த இழுபறியைத் தாங்குவது மூட்டுகளில் பூசியிருக்கும் சீலண்ட் மட்டும்தான். வருஷக்கணக்கில் அது காய்ந்து, சுருங்கி, வெடிக்கும். தலைமுடி அகல வெடிப்பு போதும்.

எங்கே பார்க்கணும்? கூரையும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் ஓடும் அலுமினியப் பட்டி. கூரை ஜன்னலைச் சுற்றிய விளிம்பு. டிவி ஆன்டெனாவுக்குப் போட்ட ஓட்டை. சோலார் பேனல் ஒயர் இறங்கும் இடம். யாரும் சந்தேகப்படாத ஓர் ஆளும் உண்டு: கூரை ஓரத்தில் எரியும் குட்டி மார்க்கர் லைட். அதன் ரப்பர் செத்துப்போனால், பின்னால் இருக்கும் ஒயர் ஓட்டை வழியாகத் தண்ணீர் நேரா சுவருக்குள் இறங்கும்.

இதில் தலைவலி என்னன்னா, ஈரம் தெரியும் இடமும் ஒழுகும் இடமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. கூரையின் முன்மூலையில் நுழையும் தண்ணீர் ஒரு ஒயரைப் பிடிச்சோ, ஒரு ரீப்பரின் ஓரமாகவோ ஊர்ந்துபோய் இரண்டு மீட்டர் தள்ளி ஒரு அலமாரிக்குப் பின்னால் சொட்டும். ஓனர் அலமாரிக்கு மேலே இருக்கும் ஜன்னலைச் சுற்றி சிலிக்கானைப் பிதுக்கி அப்பிவிட்டு, 'முடிஞ்சது'ன்னு போட்டோ போடுவார். அடுத்த மழையில் அதே இடம், அதே கறை.

தீவிரமாகத் தேடுகிறவர்கள் தோட்டத்துக் குழாயை எடுத்து, கீழிருந்து மேலாகத் தண்ணீர் விடுவார்கள். ஜன்னலுக்குக் கீழே பத்து நிமிஷம், பிறகு ஜன்னல், பிறகு பட்டி, கடைசியாகக் கூரை. உள்ளே ஒருத்தர் டார்ச் அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். மேலிருந்து ஆரம்பிச்சா தண்ணீர் எல்லா மூட்டையும் நனைச்சுக்கிட்டே இறங்கும், எது குற்றவாளின்னு கண்டுபிடிக்க முடியாது. ஒர்க்‌ஷாப்களில் இதையே தலைகீழாகச் செய்வதும் உண்டு: வண்டிக்குள் ப்ளோயரால் லேசாகக் காற்றழுத்தம் ஏற்றி, வெளியே மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். டயர் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். எங்கே குமிழி வருதோ அங்கே ஓட்டை.

இன்னொரு பக்கம், எல்லா ஈரமும் மழை இல்லை. இரண்டு பேர் ஓர் இரவு மூடிய வேனில் தூங்கினால், மூச்சிலும் வியர்வையிலும் மட்டும் சுமார் அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கும். குளிருக்கு கேஸ் அடுப்பை எரியவிட்டால் இன்னும் மோசம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியே வரும். வேதியியல் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தா நீங்களே கண்டுபிடிக்கலாம். அந்த ஆவி குளிர்ந்த தகட்டில் பட்டு, சொட்டு சொட்டாக மெத்தைக்கு அடியில் இறங்கும். கூரை ஒழுகுதுன்னு நினைச்சு ஆயிரம் பவுண்டு செலவழித்தவருக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன வென்ட் ஃபேனாகக்கூட இருக்கலாம். மூடிய வேனில் அடுப்பை ஹீட்டராக எரிப்பதில் இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கு: கார்பன் மோனாக்சைடு. நிறமும் வாசனையும் இல்லாத அந்த வாயு தூக்கத்திலேயே ஆளை முடிச்சிடும்.

மூணாவது சந்தேக ஆள், வண்டிக்குள்ளேயே இருக்கும் தண்ணீர்க் குழாய். குளிர்காலத்துக்கு முன்னால் டேங்க்கையும் குழாயையும் காலி பண்ணாமல் விட்டால், உள்ளே நிற்கும் தண்ணீர் பனியாக உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். பிளாஸ்டிக் இணைப்பு விரிசல் விடும். வசந்தகாலத்தில் பம்ப்பை ஆன் செய்தால் தரைக்கு அடியில் மெதுவா கசியும். யாரும் குழாயைத் திறக்காதபோதே ராத்திரி பம்ப் 'டர்ர்'னு ஒரு செகண்ட் ஓடி நிற்குதா? எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம்.

மீட்டர் சொல்லும் எண்

ஓதம் பார்க்க ஒரு சின்னக் கருவி இருக்கு. இரண்டு முள்ளை மரத்தில் வைத்தால் ஈரத்தின் சதவிகிதம் சொல்லும். இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு: 15-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 15 முதல் 20 வரை கண் வெச்சுக்கணும். 20-ஐத் தாண்டினால் மரத்தில் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்பு தொடங்குது, காரணத்தைத் தேடியே ஆகணும். 30-ஐத் தாண்டினால் உள்ளே மரம் ஏற்கெனவே போயிருக்கும்னு வெச்சுக்கலாம்.

ஆனா இந்த எண்ணை வேதவாக்கா எடுத்துக்கக் கூடாது. ஒரு வாரம் ஹீட்டர் போட்டு உலர்த்திய வண்டி நல்ல பிள்ளையாக 14 காட்டும். உளுத்துப்போன மரம் காய்ந்தாலும் உளுத்த மரம்தான். அதனால்தான் விவரமானவங்க மீட்டரோடு கட்டைவிரலையும் பயன்படுத்துவாங்க. சுவரில் அழுத்தினால் அமுங்குதா, தரையில் நடந்தால் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கா, ஸ்க்ரூ தலையைச் சுற்றி வெள்ளைப் பொடியோ துருக்கறையோ இருக்கா? புத்தம் புது வால்பேப்பர் ஒரே ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தால் அதுவும் ஒரு வாக்குமூலம்தான். மூணு ஏர் ஃப்ரெஷ்னர் தொங்கினால் சொல்லவே வேண்டாம்.

சரி, எப்படிச் சரிசெய்வது?

ஓட்டையை அடைப்பதுதான் வேலைன்னு நினைக்கிறோம். அடைப்பது கடைசியில் வருவது. முதலில் பிரிக்கணும். ஈரமான இடத்தின் உள்பக்க ப்ளைவுட்டைக் கத்தியால் கீறி எடுத்து, நனைந்த தெர்மோகோலைச் சுரண்டி, காய்ந்த, கெட்டியான மரம் தென்படும் வரை போய்க்கிட்டே இருக்கணும். இந்தக் கட்டத்தில்தான் பாதிப் பேர் அழுவாங்க. ஒரு உள்ளங்கை அளவு கறைன்னு ஆரம்பிச்ச வேலை, அரைச் சுவரைத் தின்னுட்டு நிற்கும். பிறகு உலர்த்தல். டிஹியூமிடிஃபையரை வைத்து, காற்று ஓட விட்டு, வாரக்கணக்கில் காத்திருக்கணும். நம்ம தலைமுறைக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான். ஈரத்தோடு மூடினால், உள்ளேயே பூஞ்சைக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

காய்ந்த பிறகு கெட்டுப்போன ரீப்பரை வெட்டி எடுத்து, நல்ல மரத்தோடு புது மரத்தை ஒட்டுச் சேர்த்து, பாலியூரித்தேன் பசை போட்டு, புது இன்சுலேஷன் வைத்து, மேலே ப்ளைவுட்டை ஒட்டணும். பசை பிடிக்கும் வரை எதிர்ச் சுவரிலிருந்து கட்டைகளை முட்டுக் கொடுத்து அழுத்தி வைப்பார்கள். அந்த ஒரு ராத்திரிக்கு வேனின் உள்ளே கான்கிரீட் போட்ட வீட்டின் சென்டரிங் மாதிரி இருக்கும். தரை மட்டும் அடுக்கு விட்டுப்போய் அமுங்குதுன்னா, வரிசையாகச் சின்ன ஓட்டைகள் போட்டு நீர்த்த ரெசினை ஊசியால் செலுத்தி ஒட்ட வைக்கும் வழியும் இருக்கு. மரம் உளுக்காமல், பசை மட்டும் விட்டிருந்தால்தான் இது உதவும்.

இப்போ வெளிப்பக்கம். ஒழுகும் பட்டிக்கு மேலேயே சீலண்ட்டை அப்புவது ரிப்பேர் கிடையாது. பட்டியையே கழற்றணும். துருப்பிடித்த ஸ்க்ரூ ஒவ்வொன்றாக உடையும், அதைத் தோண்டி எடுக்கணும். பழைய பிசினைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைச்சு, பியூட்டைல் டேப் ஒட்டி, ஸ்டெய்ன்லெஸ் ஸ்க்ரூவால் மறுபடி முடுக்கணும். பியூட்டைல் என்பது காயாத, சூயிங்கம் மாதிரி இழுபடும் பிசின். அந்த அலுமினியம் நீண்டு சுருங்கும்போதெல்லாம் கூடவே நீண்டு சுருங்கும். ஒரேயடியாக முடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, ஓரத்தில் பிதுங்கி வருவதை மறுநாள் வெட்டி எடுப்பார்கள். ஒரு சுருள் டேப் 10 பவுண்டுக்குள் கிடைக்கும். அதை ஒட்டுவதற்கு முன் செய்யும் வேலைக்குத்தான் காசு.

பாத்ரூம் சிலிக்கானை ஏன் போடக் கூடாதுன்னு எல்லாரும் கேட்பாங்க. கடையில் சுலபமாகக் கிடைக்கும், பார்க்கவும் நீட்டாக இருக்கும். ஆனா ஒருமுறை சிலிக்கான் பட்ட இடத்தில் பிறகு வேறு எந்தப் பிசினும், ஏன் புது சிலிக்கானேகூட, ஒழுங்கா ஒட்டாது. பெயின்ட்டும் பிடிக்காது. வினிகர் வாடை வரும் ரகம்னா உலோகத்தையும் அரிக்கும். பழைய வேன் ரிப்பேர் பார்க்கிற எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அதிகம் திட்டு வாங்குவது, முந்தைய ஓனர் அப்பிய சிலிக்கான்தான்.

இரும்பு வேன்களில் கதை கொஞ்சம் வேறு. பழைய ஃபோக்ஸ்வேகன் டைப் 2-வை எடுத்துக்குங்க. 1950-ல் ஜெர்மனியில் தொடங்கி, பிரேசிலில் 2013 கடைசி வரை தயாரான வண்டி. ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் கட்டாயமானதும்தான் நிறுத்தினார்கள். டீ-ஷர்ட்டிலும் காபி கப்பிலும் நாம் பார்க்கும் 'ஹிப்பி வேன்' அதுதான். அதன் கண்ணாடி ரப்பர், கூரையைச் சுற்றிய மழைநீர்க் கால்வாய் இரண்டும் அழகு, இரண்டும் துருவின் கூடாரம். தண்ணீர் தேங்கி, தகட்டின் உள்பக்கத்திலிருந்து அரிச்சுக்கிட்டு வரும். பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது பின்னால் ஓட்டையே விழுந்திருக்கும். அங்கே பிசினால் பயன் இல்லை. வெட்டி, புதுத் தகட்டை வெல்டிங் செய்யணும்.

யூடியூப் பார்த்துச் செய்த வேன்களில் இன்னொரு சின்ன விஷயம் பெரிய வேலை வைக்குது. ஃபேன் மாட்டக் கூரையை ரம்பத்தால் அறுக்கும்போது இரும்புத் துகள் கூரை முழுக்கச் சிதறும். அதைத் துடைக்காமல் விட்டால் ஒரு மழையிலேயே பெயின்ட் மேல் துருப்புள்ளிகள். அறுத்த விளிம்புக்கு பிரைமர் பூசாமல் சீலண்ட் மட்டும் போட்டால், சீலண்ட்டுக்கு அடியிலேயே துரு நடக்கும். இரண்டு நிமிஷ வேலை. வீடியோவில் அந்த இரண்டு நிமிஷத்தைத்தான் எடிட் பண்ணிடறாங்க.

சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது?

பிரிட்டனில் வண்டிகளுக்கு வருடாந்தரப் பரிசோதனை கட்டாயம், எம்ஓடி என்பார்கள். அதில் பிரேக், டயர், லைட், தாங்கு பாகங்களின் துரு எல்லாம் பார்ப்பார்கள். சுவருக்குள் மரம் உளுத்ததா என்று பார்க்க மாட்டார்கள். அதற்கு 'ஹாபிடேஷன் செக்' என்று தனியாக ஒரு பரிசோதனை உண்டு, அது கட்டாயமில்லை. புது வண்டிகளுக்குத் தயாரிப்பாளர்கள் 5 முதல் 10 வருஷம் வரை தண்ணீர் புகாது என்று வாரன்டி தருவதுண்டு. வருஷா வருஷம் இந்தப் பரிசோதனையைச் செய்து முத்திரை வாங்கியிருந்தால்தான் அது செல்லும். ஒரு வருஷம் தவறவிட்டால் வாரன்டியே போகலாம். இன்ஷூரன்ஸும் இங்கே பெரும்பாலும் கை விரிக்கும். மரம் விழுந்து கூரை உடைந்தால் பணம் வரும். மெதுவாக ஊறிக் கெட்டது 'தேய்மானம்' கணக்கில் போய்விடும்.

டீலரிடம் வாங்கினால் 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்கும்போதே குறை இருந்த வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கு. ஃபேஸ்புக்கில் பார்த்து ஒரு தனிநபரிடம் வாங்கினால் பாதுகாப்பு ரொம்ப மெலிது. அவர் சொன்ன விவரம் பொய் என்று காட்ட முடிந்தால்தான் கேஸ் நிற்கும். அதனால் 'ஓதம் இல்லை' என்பதை போனில் கேட்பதைவிட மெசேஜில் எழுதி வாங்குவது புத்திசாலித்தனம்.

விடுமுறைக்கு மட்டும் ஓட்டுகிறவருக்கு இது பணக் கஷ்டம். வேனே வீடாக இருப்பவருக்கு?

பிரிஸ்டல் நகரத்தில் 'டவுன்ஸ்' என்ற பெரிய புல்வெளியை ஒட்டிய சாலைகளில் வரிசையாக நிற்கும் வேன்களும் கேரவன்களும் சில வருஷமாக அந்த ஊரின் சூடான அரசியல். அங்கே இருக்கிறவர்களில் சிலர் விரும்பி வந்தவர்கள். வாடகை கட்ட முடியாமல் வந்தவர்களும் நிறைய, வேலைக்குப் போய்க்கொண்டே வேனில் தூங்குகிறவர்கள் உட்பட. கவுன்சில் சில இடங்களைத் தற்காலிகமாக ஒதுக்கித் தருது, அக்கம்பக்கத்தார் எதிர்ப்பும் தொடருது. ஓட்டை உடைசல் கேரவன்களை வாங்கி வாரவாடகைக்கு விடும் ஆட்களும் முளைத்துவிட்டார்கள். 'வேன்லார்ட்' என்று அவர்களுக்கு ஒரு பெயரும் வந்தாச்சு.

இதே நாட்டில்தான் ஓதத்துக்காக ஒரு சட்டமும் பிறந்தது. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில், பூஞ்சை படர்ந்த ஒரு ஃபிளாட்டில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை மூச்சுப் பிரச்னையால் இறந்தது. அந்தப் பூஞ்சையைச் சுவாசித்ததுதான் காரணம் என்று 2022-ல் விசாரணை அதிகாரி சொன்னார். குழந்தையின் அப்பா வீட்டு நிர்வாகத்திடம் பலமுறை புகார் சொல்லியிருந்தார். பெயின்ட் அடிச்சுக்கோங்க என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். 'அவாப் சட்டம்' 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகளில் அமலுக்கு வந்தது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள், பெரிய அளவு ஓதமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாளுக்குள் விசாரணை, அதன்பின் 5 வேலை நாளுக்குள் பாதுகாப்பாக்கும் வேலை. தனியார் வாடகை வீடுகளுக்கும் இதை நீட்டிக்க வழிசெய்யும் சட்டம் அதே நாளில் அரச ஒப்புதல் பெற்றது.

தெருவோரம் நிற்கும் சொந்த வேனுக்கு இதெல்லாம் எதுவும் பொருந்தாது. அங்கே வீட்டு ஓனரும் குடியிருப்பவரும் ஒரே ஆள். நியாயமாப் பார்த்தா சட்டம் யார் மேல் கேஸ் போடும்னு கேட்கலாம். ஆனா வாடகை தாங்காமல் வெளியே வந்தவர், பூஞ்சை இருக்கும் ஃபிளாட்டிலிருந்து பூஞ்சை இருக்கும் வேனுக்கு மாறும்போது, புகார் சொல்ல இருந்த அந்த ஒரு முகவரியையும் இழக்கிறார். உடம்புக்குள் போகும் பூஞ்சை இரண்டு இடத்திலும் ஒண்ணுதான்.

ரிப்பேருக்கும் அவரிடம் வழி கம்மி. மேலே சொன்ன வேலைக்கு என்னென்ன வேணும்னு திரும்பப் பாருங்க: காய்ந்த கூரையுள்ள ஒரு கொட்டகை, மின்சாரம், வாரக்கணக்கில் வண்டி சும்மா நிற்கும் அவகாசம். வேனில் வாழ்கிறவர் அந்த வாரங்களில் எங்கே தூங்குவார்? ஒர்க்‌ஷாப்பில் விடலாம்னா, ஒரு மூலையைப் பிரித்துக் கட்டுவதே பல நாள் வேலை, கூலி ஆயிரம் பவுண்டுகளில் போகும். சில பழைய வண்டிகளின் விலையைவிட ரிப்பேர் செலவு அதிகம். அதனால் அவர்கள் செய்வது, செய்யக்கூடாதுன்னு மேலே சொன்னதைத்தான்: ஒரு டியூப் சிலிக்கான், மேலே ஒரு தார்ப்பாய். அந்தத் தார்ப்பாயைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் 'ஏரியாவே அசிங்கமாகுது'ன்னு கவுன்சிலுக்கு எழுதுறாங்க. தார்ப்பாய் காற்றோட்டத்தையும் அடைச்சிடுது, உள்ளே மூச்சின் ஈரம் வெளியேற வழி இல்லாம மறுபடியும் சுவரிலேயே இறங்குது.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்கியே தீருவேன்னு இருக்கும் பிரிட்டன் வாழ் நண்பர் யாராவது இதைப் படிச்சா, இரண்டு விஷயம். வெயில் அடிக்கும் ஜூன் மாசம் எல்லாரும் வாங்குவாங்க, விலையும் ஏறும், எந்த ஒழுகலும் தெரியாது. அக்டோபர், நவம்பரில் போங்க. மூணு நாள் மழை பெய்து முடிந்த மறுநாள் காலையில், 'இப்பவே வர்றேன்'னு போன் பண்ணிட்டுப் போங்க. மெத்தையைத் தூக்கிப் பாருங்க, அலமாரிகளின் மேல்மூலைகளுக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்க, மார்க்கர் லைட்டுக்கு நேர் உள்பக்கத்தில் மீட்டரை வையுங்க. விற்கிறவர் 'இன்னிக்கு வேண்டாம், வெயில் வரட்டும்'னு சொன்னா, பார்க்கப் போக வேண்டிய அவசியமே இல்லை.